எல்லைக்கல் தடுக்காது: பழனி மலையில் நச்சுப் பொருட்களை உள்ளாட்சிகள் சேர்ந்து கையாளும் முறை

பழனி மலையில் ஆபத்தான பொருள் எதுவும் ஒரே ஊராட்சிக்குள் தங்குவதில்லை. வத்தலக்குண்டில் வாங்கிய பூச்சிமருந்து மன்னவனூரில் பூண்டுக்கு அடிக்கப்படுகிறது. அதன் காலி பாட்டில் கொடைக்கானல் பழைய இரும்புக் கடைக்கு வந்து, அங்கிருந்து லாரியேறி மறுபடி கீழே இறங்குகிறது. தண்ணீரும் அப்படித்தான். தென்சரிவு ஓடைகள் மஞ்சளாறு, வைகைப் பக்கம் போகின்றன. வடசரிவு ஓடைகள் வரதமாநதிக்கும் பாலாறு–பொருந்தலாறு அணைக்கும் போகின்றன. ஆனால் நிர்வாகம் துண்டு துண்டாக நிற்கிறது. கொடைக்கானல் நகராட்சிக்கு ஒரு இயக்குநரகம், பண்ணைக்காடு பேரூராட்சிக்கு இன்னொன்று. வில்பட்டி, பூம்பாறை, கூக்கால், அடுக்கம், தாண்டிக்குடி போன்ற ஊராட்சிகள் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ். பூச்சிமருந்துக் கடைக்கு உரிமம் தருவது வேளாண்மைத் துறை. ஆபத்தான கழிவைக் கவனிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

இந்தத் துறைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் நஞ்சு நகர்கிறது. அந்த இடைவெளியை உள்ளாட்சிகள் சேர்ந்தால்தான் அடைக்க முடியும், அதுவும் செலவு அதிகமில்லாமல். எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பழைய இரும்புக் கடை

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச விவகாரம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது வெளியே வந்த இடம் தொழிற்சாலை வாசல் அல்ல. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய தெர்மாமீட்டர் கண்ணாடி 7.4 டன் கிடந்ததை மக்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடி துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்காக நிறுவனத்தோடு உடன்பாடு 2016-இல்தான் வந்தது. ஆலைக்குள் எவ்வளவு பதிவேடு இருந்தாலும், வெளியே போகும் 'ஸ்கிராப்' எங்கே இறங்குகிறது என்று உள்ளூரில் யாரும் பார்க்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். பழைய இரும்புக் கடை உள்ளாட்சியின் கையில் இருக்கும் விஷயம். அதற்கான தொழில் உரிமத்தைத் தருவது நகராட்சியோ ஊராட்சியோதான்.

ஆனால் ஒரு உள்ளாட்சி மட்டும் கட்டுப்பாடு போட்டால் கடை அடுத்த எல்லைக்கு நகர்ந்துவிடும். ஆகவே உரிமத்தின் நிபந்தனைகள் எல்லா ஊராட்சியிலும், பேரூராட்சியிலும், நகராட்சியிலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்க வேண்டும். உரிமங்கள் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடுவதால், ஜனவரியிலேயே வரைவைத் தயாரித்து, பிப்ரவரி கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றி, மார்ச் புதுப்பித்தலில் சேர்த்துவிட வேண்டும். நடுவில் கொண்டுவந்தால் கடைக்காரர் "என் உரிமத்தில் அப்படி இல்லையே" என்பார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சிகளிலும் இது தடைபட வேண்டியதில்லை. வட்டார வளர்ச்சி அலுவலர் ஒரே மாதிரி வரைவை எல்லோருக்கும் அனுப்பினால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.

நிபந்தனைகள் குறைவாக இருக்கட்டும், பார்த்தவுடன் சோதிக்கும்படி இருக்கட்டும். மூடி போட்ட டிரம்மோ உள்ளே திரவம் இருக்கும் டப்பாவோ வாங்கக்கூடாது. தெர்மாமீட்டர், பாதரச ரத்த அழுத்தமானி, டியூப் லைட் வாங்கக்கூடாது. பேட்டரியை முழுதாக மட்டுமே வாங்க வேண்டும். ஆசிட்டை ஊற்றிவிட்டு ஈயத் தகட்டை மட்டும் விற்பவரிடம் வாங்கக்கூடாது, ஏனென்றால் அந்தக் கந்தக அமிலம் ஏதோ ஒரு ஓடையோரம் கொட்டப்பட்டிருக்கும். கேபிள் எரிக்கக்கூடாது. சரக்கு வைக்கும் இடத்தில் சிமெண்ட் தரையும் கூரையும் இருக்க வேண்டும். தேதி, பொருள், எடை, யாரிடம் வாங்கியது, யாருக்கு விற்றது என ஐந்து கட்டம் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். பெரும்பாலான கடைகளில் வாங்கிய கணக்கு இருக்கும், விற்ற கணக்கு இருக்காது.

சோதனைக்கு ஒரு ஊராட்சியின் செயலரும் பக்கத்து உள்ளாட்சியின் துப்புரவு ஆய்வாளரும் சேர்ந்து போவது நல்லது. சொந்த ஊர்க்காரரிடம் கண்டிப்பாக இருப்பது யாருக்கும் கஷ்டம். பக்கத்து ஊர்க்காரர் கூட இருந்தால் கேள்வி தானாக வரும்.

மருந்து பாட்டில்

மேல்மலையில் அளவில் அதிகமாக வரும் ஆபத்தான கழிவு பூச்சிமருந்து, பூஞ்சாண மருந்து டப்பாக்கள்தான். எவ்வளவு வரும் என்று கணக்கிட வீடு வீடாகப் போக வேண்டாம். மருந்துக் கடைகள் இருப்புப் பதிவேடு வைத்திருக்கின்றன. தோட்டக்கலை அலுவலர் மூலம் மூன்று மாத விற்பனையை அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் எனப் பிரித்துக் கேட்டால், காலி டப்பா எத்தனை வரும் என்று தெரிந்துவிடும். அதில் சிவப்பு, மஞ்சள் முக்கோணம் போட்டவை எத்தனை என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது.

பாட்டிலைக் கழுவ வேண்டிய இடம் சேகரிக்கும் கிடங்கு அல்ல, தோட்டம். மருந்து கலக்கும் அந்த நேரமே கழுவ வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில் என்றால் 200 முதல் 250 மில்லி தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும். சொட்டுவது நிற்கும்வரை இன்னொரு அரை நிமிடம் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு அடியில் ஆணியால் துளை போட்டுவிட்டால் அந்தப் பாட்டிலில் மண்ணெண்ணெயோ பாலோ யாரும் ஊற்றி வைக்க முடியாது. லேபிளைக் கிழிக்கக்கூடாது, கிடங்கில் பிரிப்பவருக்கு அதுதான் வழிகாட்டி. மாலையில் கழுவலாம் என்று விட்டால் மருந்து பாட்டிலின் உட்சுவரில் காய்ந்து ஒட்டிவிடும், பத்து முறை கழுவினாலும் போகாது.

1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில் 44-ஆம் விதி, காலி டப்பாக்களை மறுபடி பயன்படுத்த முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்கச் சொல்கிறது. சமவெளிக்கு அது பொருந்தலாம். மலைச்சரிவில் மண் ஆழம் குறைவு. மேல் அடுக்கில் புதைத்தது கீழ் அடுக்கின் ஊற்றில் வந்து சேரும். அதே விதி தண்ணீரும் சூழலும் மாசுபடாமல் அப்புறப்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கே அதைக் கடைப்பிடிக்க ஒரே வழி, சேகரித்து மலையிலிருந்து இறக்குவதுதான்.

கழுவாத பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். திருப்பி அனுப்பிய பாட்டில் ஓடைக்குத்தான் போகும். அதற்கென்று மூடியுள்ள தனி டிரம் வைத்து, 'கழுவாதது' என்று பெயிண்டில் எழுதி, அதில் போடச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம் மலைக்கே உரியது. இங்கே பலர் மேலே உள்ள ஊற்றிலிருந்து ஓஸ் போட்டு, மோட்டார் இல்லாமலே டிரம்மில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஓஸின் முனை மருந்துத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும்போது, அதே குழாயில் கீழே இன்னொருவர் திறந்தால், டிரம்மில் இருப்பது பின்னோக்கி உறிஞ்சப்பட்டு அவருடைய குழாய்க்குப் போகும். அவர் அதைக் குடிக்கப் பிடிக்கலாம். ஓஸ் முனையை டிரம்மின் விளிம்புக்கு ஒரு சாண் மேலே கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் போதும். இந்த ஒரு வேலையைக் கிராம சபையில் சொல்லி, பொது ஊற்று உள்ள ஒவ்வொரு ஊரிலும் செய்ய வைக்கலாம்.

பாட்டில் திரும்பி வர வைப்பதற்கு அறிவுரையைவிடக் காசு வேலை செய்யும். டாஸ்மாக் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கியது, காட்டில் கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. மருந்து பாட்டிலுக்கும் அதே வழி பொருந்தும். ஆனால் மருந்துக் கடையை இதற்குக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. வேளாண்மைத் துறையைச் சேர்த்துக்கொண்டு, மலைமேல் உள்ள எல்லாக் கடைகளும் ஒரே நாளில் தொடங்க ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கடை விலகினாலும் விற்பனை அங்கே போய்விடும்.

உள்ளாட்சியின் சொந்த ஸ்டோர் ரூம்

ஊரில் மிக ஆபத்தான அறை பல இடங்களில் ஊராட்சி அலுவலகத்தின் ஸ்டோர் ரூம்தான். ஒரு மூலையில் பிளீச்சிங் பவுடர் மூட்டை, அதன்மேல் கழிப்பறை ஆசிட் கேன், பக்கத்தில் பினாயில், புல்வெட்டும் இயந்திரத்துக்கான பெட்ரோல், கொசுப்புகைக்கான டீசல். பிளீச்சிங் பவுடரில் ஆசிட் சிந்தினால் குளோரின் வாயு வரும். எண்ணெயோ பெட்ரோலோ பட்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம். யூரியா மூட்டையோடு கலந்தாலும் நச்சு வாயுதான். இவற்றை ஒரே அறையில் வைப்பதை நாளையே நிறுத்தலாம், அதற்கு எந்தத் திட்டமும் நிதியும் தேவையில்லை.

பிளீச்சிங் பவுடருக்குத் தனி அறை அல்லது தனிக் கொட்டகை. தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்ந்த மரச்சட்டம், சுவரிலிருந்து ஓரடி இடைவெளி, முதலில் வந்தது முதலில் வெளியே. மேல்மலையின் மூடுபனியில் திறந்த மூட்டை சீக்கிரம் நமத்துவிடும். புதிதாக இருக்கும்போது நூற்றுக்கு 33 பங்கு வரை இருக்கும் குளோரின் மளமளவென்று குறையும். அதே அளவு போட்டும் கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் வரவில்லை என்றால், குடிநீர் ஆபரேட்டரைக் குறை சொல்வதற்குமுன் மூட்டையைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல், நான்கைந்து ஊராட்சிகள் சேர்ந்து வாங்கி மாதாமாதம் பிரித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். சிந்திய பவுடரை மரத்தூள் போட்டு அள்ளக்கூடாது, அது எரியக்கூடியது. உலர்ந்த பிளாஸ்டிக் முறத்தால் அள்ள வேண்டும். ஆசிட் சிந்தினால் மணல் போட்டு, மேலே சுண்ணாம்பு தூவ வேண்டும்.

பொதுக் கிடங்கு

பெயிண்ட் டப்பா, மருந்து டப்பா, டியூப் லைட், பேட்டரி, காலாவதி மாத்திரை, ஊசி ஆகியவற்றை வீட்டு உபயோக அபாயக் கழிவு என்று வகைப்படுத்தி, இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்று 2016-இலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. மலையில் ஒவ்வொரு ஊராட்சியும் தனியாக வைக்க முயன்றால் எல்லாமே பூட்டிய அறைகளாகிவிடும். மேல்மலைக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று, கீழ்மலைக்கு ஒன்று என்பது நடத்தக்கூடிய எண்ணிக்கை.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை போதும். ஓடைக்கும் ஊற்றுக்கும் மேலே நேராக அமையக்கூடாது. நிலம் கிடைக்கிறது என்பதற்காகவே அப்படிப்பட்ட இடத்தைத்தான் ஒதுக்குவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். விரிசல் இல்லாத கான்கிரீட் தரை, வாசலில் ஆறு அங்குலத் தடுப்பு, உள்ளே ஒரு மூலையில் வெளியே வழி இல்லாத சிறு குழி. 200 லிட்டர் டிரம் உடைந்தாலும் 220 லிட்டர் அறைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பது அளவுகோல். எதிரெதிர்ச் சுவர்களில் மேலும் கீழும் காற்றோட்டம். தண்ணீர்க் குழாய் உள்ளே வேண்டாம். குழாய் இருந்தால் யாராவது தரையைக் கழுவிவிடுவார்கள். இரண்டு வாளி உலர் மணல், கையுறை, கண்ணாடி. இரண்டு சாவி, இரண்டு வெவ்வேறு உள்ளாட்சிகளிடம்.

நான்கடி டியூப் லைட்டுக்கு நாலரை அடி நீளம், ஆறு அங்குல அகலம் உள்ள பிவிசி குழாயின் ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கம் மூடி போட்டால், சுமார் இருபது டியூப் உடையாமல் நிற்கும். குப்பை அமுக்கும் வண்டியில் இவற்றை ஏற்றவே கூடாது. அதனால் சேகரிப்புக்கு மாதத்தில் ஒரு தேதி, தனி வண்டி. சந்தை நாளோடு சேர்த்து வைத்தால் ஆட்கள் வருவார்கள்.

சுகாதார நிலையத்திலும் பள்ளி ஆய்வகத்திலும் இன்னும் பாதரசம் இருக்கிறது. ஒரு தெர்மாமீட்டரில் ஒரு கிராம் அளவுதான். பழைய ரத்த அழுத்தமானியில் நூறு கிராம் வரை இருக்கும். உடைந்தால் துடைப்பம் போடக்கூடாது, மணிகள் சிதறி இடுக்கில் போய்விடும். முதலில் ஹீட்டரை அணைக்க வேண்டும். குளிருக்காகச் சாத்திய, சூடேற்றிய அறையில் ஆவி வேகமாக ஏறும். ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியேற்றி, வளையல் மோதிரத்தைக் கழற்றிவிட்டு (தங்கத்தில் பாதரசம் ஒட்டிக்கொள்ளும்), கெட்டி அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் உள்ள கண்ணாடிக் குப்பியில் விட்டு இறுக மூட வேண்டும். மிச்சத்துக்குக் கந்தகத்தூள் தூவி ஒட்டும் டேப்பால் எடுக்கலாம். சிங்கில் கொட்டக்கூடாது.

மருத்துவமனை ஊசிகளை இந்தக் கிடங்குக்குள் விடாதீர்கள். அவற்றுக்கு உயிரி மருத்துவக் கழிவு விதிகளும் 48 மணி நேரக் கெடுவும் தனியாக உள்ளன. வீட்டில் இன்சுலின் போடுபவர்களின் ஊசிகள் மட்டும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் வரட்டும்.

மலைப்பாதை

பெட்ரோல் டேங்கரும் கேஸ் லாரியும் வத்தலக்குண்டு சாலையிலும் பழனி சாலையிலும் ஏறுகின்றன. கவிழ்ந்தால் தீயணைப்பு வண்டி வருவதற்குள் திரவம் பாலத்துக்கு அடியில் போய்விடும். உள்ளாட்சிகள் முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு: சாலையின் ஒவ்வொரு சிறு பாலத்துக்கும் எண் கொடுத்து, அதன் தண்ணீர் எந்த ஓடையில் சேர்ந்து எந்த ஊரின் குடிநீர்த் தொட்டிக்குப் போகிறது என்று ஒரு அட்டவணை போடுவது. குழாய் ஆபரேட்டர்களுக்கு இது மனப்பாடமாகத் தெரியும். அவர்களை உட்கார வைத்தால் ஒரே நாளில் எழுதி முடிக்கலாம். விபத்து நடந்தால் 112-ஐ அழைத்த கையோடு, அந்தப் பாலத்துக்குக் கீழே உள்ள ஊரின் ஆபரேட்டருக்கு அடுத்த அழைப்பு, வால்வை மூடச் சொல்லி. குடிநீர் எடுக்கும் ஓடைகளின் பாலங்களுக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து மணல் மூட்டை எப்போதும் இருக்கட்டும்.

செக்போஸ்ட்டில் ஒரு அட்டை தொங்கட்டும். வண்டியின் ஆரஞ்சுப் பலகையில் 1203 என்றால் பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் கேஸ், 1017 குளோரின். கேஸும் குளோரினும் காற்றைவிடக் கனமானவை, பள்ளத்தில் தேங்கும். மக்களைச் சரிவில் கீழே இறக்காமல், காற்று வரும் திசையில் மேலே ஏற்ற வேண்டும். குளோரின் கசியும் இடத்தில் நேராகத் தண்ணீர் அடித்தால் துளை அரித்துப் பெரிதாகும்.

காகிதமும் பணமும்

கூட்டு ஏற்பாடுகள் முறிவது பெரும்பாலும் இங்கேதான். கிடங்கு யார் பெயரில், அனுப்பும் சீட்டில் யார் கையெழுத்து என்று முதல் கூட்டத்திலேயே முடிவாக வேண்டும். எடைமேடையும் சுகாதாரப் பிரிவும் உள்ள நகராட்சி பொறுப்பேற்பது நல்லது. செலவைச் சமமாகப் பிரிக்காமல், ஒவ்வொரு ஊராட்சியும் கொண்டுவந்த எடைக்கு ஏற்பப் பிரியுங்கள்; சமமாகப் பிரித்தால் சிறிய ஊராட்சி இரண்டாம் ஆண்டே விலகிவிடும். அதற்காகவே வாசலில் தராசும், தேதி, ஊர், வகை, எடை எழுதும் பதிவேடும் வேண்டும்.

கழிவு கும்மிடிப்பூண்டி மாதிரியான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். அபாயக் கழிவு விதிகளின்படி டிரம்மில் படிவம் 8 லேபிள், ஓட்டுநரிடம் படிவம் 9 அவசர அட்டை, சரக்கோடு ஏழு நகல் கொண்ட படிவம் 10, அதாவது அனுப்பும் சீட்டு. லாரி போய்விட்டது என்பதோடு வேலை முடியவில்லை. நிலையம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட நகல் திரும்பி வந்து கோப்பில் சேர்ந்தால்தான் முடிந்தது. வராவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள்.

மலையின் அளவு சிறிது, ஒரு லாரி நிறையாது. இதனால்தான் பல கிடங்குகள் வருடக்கணக்கில் காலியாகாமல் கிடக்கின்றன. திண்டுக்கல்லின் தோல் ஆலைகளிலிருந்து கழிவு ஏற்றும் லாரியோடு சேர்த்து அனுப்ப முடியுமா என்று வாரியத்திடம் கேளுங்கள். வைத்திருக்கும் கெடு 90 நாள். ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு உட்பட்ட சிறு அளவுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம், ஆனால் கெடு முடியும் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். எப்படியானாலும் ஒரு அனுப்புதல் செப்டம்பருக்குள் முடியட்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, மண் சரிந்து சாலை அடைபட்டால், நிறைந்த டிரம்களோடு கிடங்கு மழைக்காலம் முழுக்க நிற்கும். சாலை திறந்திருக்கும்போதே லாரியைக் கூப்பிட்டுவிடுங்கள்.